பள்ளிபாளையத்தில் மைனஸ் 40

மார்கழி விடியலில் கிளம்ப மறுக்கும் கார், வெயில் ஏறியதும் சமர்த்தாக ஓடுகிறதே, காருக்கும் சோம்பலா? (வாசகர், பள்ளிபாளையம்)

காவிரிக் கரையில் நிற்கும் காரின் கணினி தான் சைபீரியாவில் இருப்பதாக நம்பிவிட்டால், பழியைச் சோம்பலின் மேல் போடலாமா? இஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார், அதாவது உணரி, குளிரக் குளிர மின்தடை கூடும் இயல்புடையது. ஆகவே அதன் இணைப்பில் ஈரம் புகுந்து, பச்சைக் களிம்பு படர்ந்து தடை கூடினாலும், கணினி அதைக் கடுங்குளிர் என்றே கொண்டு பெட்ரோலை மிகுதியாகப் பீய்ச்ச, ஸ்பார்க் பிளக் நனைந்து பொறி பிறக்காமல் போகிறது. இணைப்பு முற்றிலும் அறுந்தால் பல கார்களில் மெக்கானிக்கின் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி என்றே காட்டும். பொறிக்கு வழிசெய்யும் இக்னிஷன் காயிலின் மேல் படிந்த ஈரப்படலத்தின் வழியே உயர் அழுத்த மின்சாரம் கசிந்தாலும் இதே கோளாறு தோன்றி வெயிலில் மறையும் என்பதால், புதுச் சென்சார் வாங்குமுன் இரண்டின் இணைப்புகளையும் கழற்றித் துடைத்து உலர்த்திப் பார்ப்பதே முறை.

ஈரத்தோடு நில்லாமல், மேட்டூர் அணையின் உபரிநீரே 2022 ஆகஸ்டில் புகுந்ததைப்போல் தெருவுக்குள் வந்துவிட்டால், நீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் பிஸ்டனுக்கு அமுங்கிக் கொடுக்காததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.