படிக்கட்டுச் சாம்பாரியல்: ஒரு முன்னாய்வு

அடுக்குமாடிக் குடியிருப்பின் படியேறும் ஒருவர், ஒரு கதவும் திறவாதிருக்க, “ரெண்டாவது மாடில இன்னைக்கு முருங்கைக்காய் சாம்பார்” என்று தீர்ப்பு வழங்குவது எங்ஙனம்? இவ்வினாவைச் சான்றோர் இதுவரை தீண்டாமல் விட்டது நம் நல்லூழ்.

முதற்கண் கருவி. தொல்காப்பியம் மூக்கறிவை மூன்றாம் படியில் வைத்துச் சிதலுக்கும் எறும்புக்கும் உரியதாக்கியது. மனித மூக்கில் வாசனை ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. எறும்பினங்கள் சிலவற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. சுண்டெலிக்கு ஆயிரம் வகை. அடுக்களைக்குள் அது நம்மை முந்துவதன் காரணம் விளங்கிற்று. இவ்வேற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் எலியில் கண்டறிந்தனர். நோபல் பரிசு வந்தது 2004இல். ஆய்வைச் சாம்பாரில் தொடங்கியிருந்தால் இத்தனை தாமதம் நேர்ந்திராது என்பது நம் துணிபு.

இனிச் செயல்முறை. நுகர் நரம்பணு ஒன்றில் ஏற்பி ஒரு வகைதான். ஆயினும் ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். ஒரே வகை ஏற்பியுடைய நரம்புகள் நுகர்ச்சிக் குமிழில் குறிப்பிட்ட சில முடிச்சுகளில் போய்க் கூடுகின்றன. எந்தெந்த முடிச்சு விழித்தது என்ற கோலத்தைப் பெருமூளையின் நுகர்புறணி மொத்தமாகப் படிக்கிறது. திருவிழாவில் சீரியல் பல்பால் பிள்ளையார் அமைப்பார்களே, அதுபோல. நாலு பல்பு ஃபியூஸ் போனாலும் பிள்ளையார் பிள்ளையாரே.

இதற்கு எலிகளே சான்று. பத்துப் பொருள் கலந்த வாசனையில் ஒன்றைக் குறைத்தபோது, அவற்றால் வேறுபாடு காண முடியவில்லை. ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்ததும் எளிதில் கண்டுகொண்டன. இதன் இல்லறப் பயன் பெரிது: கறிவேப்பிலை தீர்ந்துபோனால் சும்மா இருந்துவிடுக, ஈடுகட்டுகிறேன் என்று புதினாவைக் கிள்ளிப் போட்டால் அகப்படுவீர்.

அற்றேல், மூன்றாம் மாடி அத்தை படியில் நின்றபடியே தனியா, வெந்தயம், பெருங்காயம், புளி, மிளகாய், கடுகு, முருங்கை என ஏழையும் எண்ணிச் சொல்கிறாரே எனின், அது மூக்கின் வேலை அன்று. ஒரு கலவையில் மூன்று நான்கு பொருளுக்கு மேல் மனிதரால் பிரித்தறிய இயலாது. வாசனைத் தொழிலில் தேர்ந்தவர்க்கும் அதே கதிதான். அத்தை முகர்ந்தது சாம்பார் என்னும் ஒரே பொருளை. மற்றதெல்லாம் அவருடைய செய்முறை ஒப்பித்தல். (இதை அவரிடம் தெரிவிக்கும் பொறுப்பை அடுத்து வரும் ஆய்வாளருக்கு விடுகிறோம்.)

எஞ்சுவது ஓர் இடர்ப்பாடு. மூக்கு, விடாது வரும் மணத்துக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். எனவே சமைப்பவர்க்குத் தம் சாம்பார் மணப்பதில்லை. படியேறி வருபவர்க்கே மணக்கும். “அக்கா, அடிப்பிடிக்குது போல, பாருங்க!” என்று அவர் அழைப்புமணியை அழுத்துவதைத்தான் கல்விப்புலத்தில் சக ஆய்வாளர் மதிப்பீடு என்று வழங்குவர்.