உப்புத் தண்ணீரில் உழைக்கும் உயிர்கள்

கேள்வி: ஆலைகளின் உப்புக் கழிவுநீரைப் பாக்டீரியா சுத்தம் செய்யுமாமே! உப்பையும் அதுவே தின்றுவிடுமா?
– ஒரு வாசகி, பங்சார்

பதில்: அழுக்கைத் தின்னும், உப்பைத் தொடாது!

நம் மலேசியச் செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களில் அழுக்கைச் சிதைப்பது பாக்டீரியாதான். அங்கே உப்புத் தொல்லை குறைவு. தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கதை வேறு. தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வரும். அதை ஊறவைத்து அலசும் நீரில் உப்போடு ரத்தமும் புரதமும் கொழுப்பும் கலந்துவிடும். சாதாரண பாக்டீரியாவை அதில் விட்டால், உப்பு அதன் உடல்நீரை உறிஞ்சிவிடும். ஊறுகாய் கெடாமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

உப்பை விரும்பும் பாக்டீரியா கெட்டிக்கார இனம். எக்டோயின், பீட்டைன் போன்ற பொருள்களைச் செல்லுக்குள் சேர்த்து வைத்து, வெளியே உள்ள உப்புக்கு ஈடுகொடுக்கும். சாக்கடலிலும் நுண்ணுயிர் வாழ்வதை வோல்கானி என்ற அறிஞர் 1936இல் அறிவித்தார். உப்பளங்களிலும் இவை உண்டு.

இவை தோல் ஆலை நீரின் அழுக்கைத் தின்ற பிறகு மிஞ்சும் உப்பைச் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும்தான் பிரிக்க வேண்டும். முன்னதாகவே பாக்டீரியா அழுக்கைக் குறைத்துவிட்டால், சவ்வு சீக்கிரம் அடைபடாது.

பாக்டீரியா சம்பளம் கேட்காது; காற்றும் கவனிப்பும் கேட்கும். அந்தச் செலவு யாருடையது? மேலே சொன்ன பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவருடையது. ஆலைக் கழிவால் குடிநீர்க் கிணற்றை இழந்த உழவர் அதைச் சுமக்கக் கூடாது!