சார் இல்லாத குரூப்

எண்பதுகளின் கடைசியில் நான் சேலத்தில் பி.காம். படித்த கல்லூரியில் தொலைபேசி என்று ஒன்றே ஒன்றுதான். முதல்வர் அறையில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். யாரும் சுழற்றிவிடாதபடி அதன் தட்டில் சின்னதாக ஒரு பூட்டு. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997-ல். அதுவரை எங்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம். கேள்வித்தாள் அங்கிருந்து வரும், ரிசல்ட் பேப்பரில் நம்பராக வரும். இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கு இருந்தது நோட்ஸ்.

நோட்ஸ் என்றால் சார் சொல்லச் சொல்ல எழுதுவது. அவர் கையில் ஓரம் பழுப்பேறிய ஒரு லாங்சைஸ் நோட்டு இருக்கும். அதை அவர் தன் வாத்தியாரிடம் எழுதி எடுத்தது என்று சீனியர்கள் சொல்வார்கள். எந்த இடத்தில் ஜோக் வரும் என்பதையும் அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். லைப்ரரியில் குப்தா - ராதாசாமி எழுதிய தடித்த கணக்குப் புத்தகம் உண்டு. ஜூனில் எடுத்தவன் ஏப்ரலில் திருப்பித் தருவான். மற்றவர்களுக்கு ஜெராக்ஸ் கடை. அதற்கும் காசு இல்லாதவன் ராத்திரி உட்கார்ந்து கையால் எழுதுவான்.

கையால் எழுதினால் மனசில் நிற்கும் என்று இன்றைக்கு என் வயதுக்காரர்கள் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு நின்றதாக நினைவில்லை. புரிந்தது எல்லாம் ராசிபுரம் பஸ்ஸின் கடைசி சீட்டில்தான். சாயங்காலத்தில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வகுப்புத் தோழன் ஒருவன், டிக்கெட்டின் பின்பக்கத்தில் டெபிட், கிரெடிட் என்று கோடு போட்டுக் காட்டுவான். மல்லூர் வருவதற்குள் ஒரு கணக்கு முடிந்துவிடும். அந்த சீட்டில் சார் யாரும் உட்கார மாட்டார்கள்.

பிறகு நானே சார் ஆனேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் கைபேசிக்குத் தடை போட்டது. எங்களுடையது கலைக்கல்லூரி, அந்த உத்தரவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் நல்ல காரியத்தில் பின்தங்கக் கூடாது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. ஒழுங்குக் கமிட்டிக்கு நான் கன்வீனர். பிடுங்கிய நோக்கியாக்கள் என் மேசை டிராயரில் கிடக்கும். டெப்ரிசியேஷன் நடத்திக்கொண்டிருக்கும்போது டிராயருக்குள்ளிருந்து பாட்டு வரும். வகுப்பே தலை குனிந்துகொள்ளும். பூட்டு போனை விட்டு மேசைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்தது. ஆசிரியர் தினத்தில் வந்ததற்கு யாரும் உள்ளர்த்தம் வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு டிராயர் போதவில்லை. கோழிப்பண்ணை வீட்டுப் பையன்களுக்கு அன்றைய முட்டை விலை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஐந்து காசு இறங்கினால் முதல் பெஞ்சுக்கு முகம் வாடும்.

2019 ஜூலையில் டெல்லியிலிருந்து ஒரு கடிதம். மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் நாட்டின் எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் எழுதியது: ஒவ்வொரு நிறுவனமும் ஒரு 'சோஷியல் மீடியா சாம்பிய'னை நியமிக்க வேண்டும், மாணவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம் கணக்குகளை நிறுவனத்தின் கணக்கோடும் அமைச்சகத்தின் கணக்கோடும் இணைக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நல்ல செய்தியாவது போட வேண்டும். இது கண்காணிப்பு என்று எதிர்ப்பு கிளம்பியதும், கட்டாயமில்லை என்று விளக்கம் வந்தது. விளக்கம் எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் நியமனம் முடிந்துவிட்டது. ஒழுங்குக் கமிட்டியில் அனுபவம் உள்ளவரே பொருத்தம் என்றார்கள். டிராயர் சாவி என்னிடமே இருந்தது.

2020 மார்ச் ஊரடங்கில் விளையாட்டு நின்றது. போன் இல்லாத பிள்ளைக்கு வகுப்பே இல்லை என்றாகிவிட்டது. கொல்லிமலைப் பையன் சிக்னலுக்கு ஊருக்கு வெளியே நடந்தான். போர்வெல் வண்டியில் வேலைக்குப் போன இன்னொருவன் வடக்கே எங்கிருந்தோ அட்டெண்டன்ஸ் கொடுத்தான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டாவை அரசே இலவசமாகத் தந்தது. தமிழ்நாடு முழுக்க சுமார் 9.69 லட்சம் பேருக்கு என்று கணக்குச் சொன்னார்கள். அறிவித்த முதல்வர் எடப்பாடிக்காரர். எங்கள் பக்கம் கொஞ்சம் பெருமையாகவே பேசிக்கொண்டோம்.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். பிடிஎஃப் போடுவேன். 'ஓகே சார்', 'தேங்க்யூ சார்', கும்பிடும் கை, கட்டைவிரல். எழுபது பக்க பிடிஎஃப்புக்கு அரை நிமிஷத்தில் நன்றி வரும். நம்மைப் போல எழுதி எழுதிக் கை வலிக்காமல், திறக்காமலேயே படித்து முடிக்கும் தலைமுறை என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பாகப் பேசினேன்.

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணி வாக்கில் குரூப்பில் ஒரு வாய்ஸ் விழுந்தது. பள்ளிபாளையத்துப் பொண்ணு. பின்னால் விசைத்தறி ஓடுகிறது. அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசுகிறாள்.

“கேளுங்கப்பா. மூணு பேரு சேர்ந்து ஒரு லாரி ஓட்டறாங்கன்னு வெச்சுக்குங்க. பத்து வருசமா லோடு புரோக்கர்கிட்ட நல்ல பேரு. இப்ப நாலாவதா ஒருத்தரு பங்குக்கு வர்றாரு. லாரி வெலைல பங்கு குடுத்தாப் போதுமா? அந்தப் பேருக்கு ஆரு காசு குடுக்கறது? அதுதாம்ப்பா குட்வில். இருங்க, இழை அந்து போச்சு… ஆங். பழைய ஆளுக ஆராரு எவ்வளவு பங்கை உட்டுக் குடுக்கறாங்களோ, அந்த விகிதத்துலதான் அந்தக் காசைப் பிரிச்சுக்கோணும். சார் சொன்னதும் இதேதான், நமக்குத்தான் வெளங்கல.”

கேட்டு முடித்த கையோடு அது மறைந்தது. ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது.’ பின்னாலேயே, “சாரி சார், குரூப் மாறிருச்சுங்க சார்.”

அப்போதுதான் தெரிந்தது, இன்னொரு குரூப் இருப்பது. பெயரே 'சார் இல்லாத குரூப்' என்று பிறகு ஒருவன் சொன்னான். அதில் மீம்ஸ் உண்டு, கிரிக்கெட் உண்டு, என்னைப் பற்றியும் இருக்கும். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் ராத்திரி ஒரு மணி வரை பாடம் நடக்குமாம். அடுத்த வருஷம் குட்வில் நடத்தும்போது லாரி உதாரணத்தைச் சொன்னேன். நல்லா இருக்குங்க சார் என்றார்கள்.

போன மாதம், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டிக்கு ஃபைல் தயார் செய்தோம். கற்பித்தலில் தகவல் தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் வேண்டும். என் குரூப்பின் ஸ்கிரீன்ஷாட்டுகளை வரிசையாக எடுத்து அனுப்பினேன். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ‘ஓகே சார்’. அந்த வாய்ஸ் இருந்த இடத்தில் நீக்கப்பட்டது என்ற ஒற்றை வரி. அதை ஆபீஸ்காரரே வெட்டி எடுத்துவிட்டார், அசிங்கமாகத் தெரிகிறது என்று.

“சார், இந்தக் கட்டைவிரலெல்லாம் கலர்ல எடுக்கட்டுங்களா, கருப்பு வெள்ளை போதுங்களா?”

“கலர்லயே எடுங்க.”