நாட் அவுட் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. நேத்து ராத்திரி ஒங்க அம்மகிட்ட போனக் காட்டி, "என் ஆவரேஜ் 62, டெண்டுல்கருக்கே 53தான்"னு அளந்தியே, திண்ணையில கெடந்த எனக்கும் கேட்டுச்சு. டெண்டுல்கரு வீட்டுக்குத் தாக்கல் சொல்லி விட்டுருவமா? 200 டெஸ்டு ஆடி 53.78 வச்சிருக்க மனுசன், பாவம், மனசொடிஞ்சு போயிருவாரு.

நெல்லு மண்டியில கணக்கெழுதுன கை சும்மா இருக்குமா? பாத்தேன். எட்டு தடவ எறங்கியிருக்க. ஆறு தடவ நாட் அவுட்டு. மொத்தமே 124 ஓட்டம். அவுட்டானது ரெண்டு தடவதான், ரெண்டால வகுத்தா 62. கணக்குல ஒரு கொற சொல்ல முடியாதுலே. கடைசி ஓவருல எறங்கி, எதிர் முனையில நின்னு மட்டையத் தட்டிட்டு, வேர்க்காமத் திரும்பி வாரதும் ஒரு வித்ததான்.

இந்த வெவரம் பிராட்மேனுக்கு இல்லாமப் போச்சு. 80 இன்னிங்ஸு, 10 நாட் அவுட்டு, 6996 ஓட்டம், வகுத்தா 99.94. 1948ல ஓவல் மைதானத்துல கடைசியா எறங்கி, நாலு ஓட்டம் எடுத்தா நூறுங்கிற எடத்துல, ஹாலிஸ் பந்துல பூஜ்ஜியத்துக்கு பவுல்டு. வயித்துவலின்னு அன்னைக்குப் படுத்திருந்தா 101 சொச்சத்துல நின்னிருப்பாரு. மட்டி மனுசன், ஆடப் போயிட்டாரு.

சரி, அத விடு. நீ அடிச்ச அன்னைக்கு மத்தவன் என்ன அடிச்சான்? புளியந்தோப்புத் தெடல்ல பவுண்டரி கூப்பிடு தூரம். எட்டாங்கிளாஸ் பயலே சிக்ஸ் அடிக்கான். ஆடி மாசம் ஐந்தருவியில அஞ்சு கிளையும் கொட்டுனா எவன் மூக்குல வெரல வைப்பான்? சித்திரையில ரெண்டு கிளை ஒழுகட்டும், தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதே பேச்சா இருக்கும்.

நம்ம ஸ்ரீகாந்த எடுத்துக்கோ. 146 ஒருநாள் ஆட்டம், 4091 ஓட்டம், ஆவரேஜ் 29.01. ஒன் போனு சொல்லுத கணக்குப்படி ஒனக்குப் பாதி தேற மாட்டாரு. 1983 ஜூன் 25, லார்ட்ஸ்ல ஒலகக்கோப்ப ஃபைனல். வெஸ்ட் இண்டீஸ்காரன் ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங்னு நாலு பேரு வரிசையா வாராவ. ராபர்ட்ஸ் பந்த ஒத்த முட்டிய மடக்கி நாலுக்கு வெரட்டுனாரு பாரு! எடுத்தது 38தான். அன்னைக்கு ரெண்டு பக்கமும் 22 பேரு மட்ட பிடிச்சாவ. 38த் தாண்டுன ஆளு கெடையாது. ரிச்சர்ட்ஸே 33. நாம 183, அவுக 140.

2022ல நம்ம ஜெகதீசன் பெங்களூருல ஒருநாள் ஆட்டத்துல 141 பந்துல 277 அடிச்சான். ஒலக சாதன, நானும் கையத் தட்டுனேன். ஆனா அன்னைக்குத் தமிழ்நாடு ரெண்டே விக்கெட்டுக்கு 506. கூட எறங்குன சாய் சுதர்சன் 154. எதிராளி அருணாச்சலப் பிரதேசம் 71ல சுருண்டுட்டு. 277அ கொற சொல்லல. பக்கத்துல 506அயும் எழுதுங்கேன்.

அமெரிக்காக்காரன் பேஸ்பால்ல இத எப்பவோ கண்டுக்கிட்டான். 1930ல பில் டெர்ரி ஆவரேஜ் .401 அடிச்சாரு, அந்த வருசம் அவுக லீக் மொத்தமும் .303. 1968ல யாஸ்ட்ரெம்ஸ்கின்னு ஒருத்தர், பேரச் சொல்லதுக்குள்ள பல்செட்டு கழண்டிரும், அவரு .301தான். அவரு லீக்கு .230. ஊரு 100 அடிச்சா டெர்ரி 132, இவரு 131. பந்து வீசுதவன் கையி அவ்வளவு ஓங்கிக் கெடந்த வருசம் அது. மறுவருசமே அவன் நிக்க மேட்ட 15 அங்குலத்துலருந்து 10ஆ வெட்டிட்டானுவ.

ஒன் டீமுக்கும் போட்டுப் பாத்தேன்லே. உள்ளதச் சொன்னா கோவப்படாத. நாட் அவுட்டக் கழிக்காம, எறங்குன தடவைக்கு எம்புட்டுன்னு பாத்தா, டீமு ஆளுக்கு 19, நீ பதினஞ்சரை. கீப்பர் பய 31, அவன் வாயே தொறக்க மாட்டங்கான்.

ஞாயித்துக்கெழம செங்கோட்டக்காரனுவ வாரானுவ. மூணாவதா எறங்கு. அவுட்டானாப் பரவால்ல, சோறு போட்டுருவோம்.