மேற்குச் சென்னையில் டவுன்பிக்கிங்: வலது மணிக்கட்டு குறித்த ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை: கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி பேருந்து நிலையம். வடக்கே புழல் ஏரி குறுக்கிட்டதால் அத்திசையில் தரவு கிடைக்கவில்லை. ஆய்வுப் பொருள், மொட்டை மாடி அறையில் மெட்டல் கிதார் பழகும் இளைஞரின் வலது மணிக்கட்டு.

கருதுகோள் எளியது. மெட்டல் இசை பர்மிங்காமில் பிறந்தது ஒரு நிர்வாகக் கோளாறு. நியாயப்படி அது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிறந்திருக்க வேண்டும்.

சான்றுக்கு 1965ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டு பர்மிங்காமில் ஒரு தகட்டுப் பட்டறையில், வேலையை விடும் கடைசி நாளன்று, வராத ஆளுக்குப் பதிலாக 17 வயது டோனி ஐயோமி பிரஸ்ஸில் நின்றார். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர்; ஆகவே அடிபட்டது தந்தியை அழுத்தும் கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். சிக்கலான கார்டுகளை ஒதுக்கி, பிற்பாடு தந்திகளையும் தளர்த்தினார். 1970இல் அவருடைய இசைக்குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது; மெட்டல் பிறந்தது.

அதே 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஜிம் டன்லப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்று பாதி கிதார்க்காரர்களின் சட்டைப்பையில் கிடக்கும் பிளெக்ட்ரம் அவருடையது. அம்பத்தூரிலோ 1959 முதலே டன்லப் இருந்தது. அது டயர் கம்பெனி, இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபம் சரிதான். ஆனால் இவ்வளவு அழகான சான்றை இப்படி ஓர் அற்பக் காரணத்துக்காகக் கைவிட ஆய்வு நெறி இடம் தராது.

இனி மணிக்கட்டு. ஐயோமிக்கு அழுத்தும் கையால் வித்தை காட்ட முடியாமல் போனபோது பாரம் முழுக்க மீட்டும் கைக்கு வந்தது. இதைத்தான் நம் வட்டாரப் பயிலுநர்கள் மறந்துவிடுகிறார்கள். இடது கை விரல்கள் ஓடும் ஓட்டத்தையே வீடியோவில் வாய்பிளந்து பார்க்கிறார்கள். வலது கை என்ன செய்கிறது என்று கேட்டால், "அது பாட்டுக்கு அடிக்குது, சார்" என்கிறார்கள்.

அது பாட்டுக்கு அடிக்கக் கூடாது. மேலும் கீழுமாக மாற்றி மீட்டினால் வேகம் சுலபம். ஆனால் மேல்நோக்கிய அடி மெல்லிய தந்தியில் தொடங்குவதால் ஒலி சற்று நலிந்துபோகும். எல்லா அடியும் கீழ்நோக்கியே விழுந்தால் ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் இறங்கும்; இதுதான் டவுன்பிக்கிங். பிரஸ் ஷாப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இதில் கரைகண்டவர். 1986இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 212 தாளத்தட்டு. தட்டுக்கு இரண்டு வீதம் 424 அடி, வினாடிக்கு ஏழு. முழங்கையிலிருந்து அடிப்பவருக்கு இரண்டாம் நிமிடத்திலேயே முன்கை கல்லாகிவிடும். அசைவு மணிக்கட்டோடு நிற்க வேண்டும். பிளெக்ட்ரத்தின் நுனி மட்டும் தந்தியைத் தொட வேண்டும். மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, கை இறுகாத வரை மட்டுமே ஏற்ற வேண்டும். மிருதங்க வாத்தியார் முதல் காலத்திலேயே மாதக்கணக்கில் உட்கார வைப்பதும் இதற்குத்தான்.

அதைவிட நுட்பமானது, தந்தியின் அதிர்வை உள்ளங்கையால் அடக்கும் பாம் மியூட். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைப் பிரிட்ஜ் மேல், தந்தி தொடங்கும் இடத்தில், பட்டும் படாமலும் வைக்க வேண்டும். சில மில்லிமீட்டர் முன்னால் போனால் தந்தி செத்துவிடும். பின்னால் போனால் கணகணவென்று இழுக்கும். மெட்டலின் கனம் டிஸ்டார்ஷன் பெடலில் இருப்பதாகப் பலரும் நம்பிக் காசைக் கொட்டுகிறார்கள். இந்த ஓரச்சதை செய்கிற வேலையைக் கடையில் விற்பதில்லை.

அடுத்தது கேலப் என்னும் தாளம். ஒரு நெடில், இரண்டு குறில்: தா–கிட, தா–கிட. கீழ், கீழ்–மேல் என்று மீட்டுவார்கள். அயன் மெய்டன் 1982இல் 'ரன் டு த ஹில்ஸ்' பாட்டில் இதை ஓட ஓட விட்டது. ஆவடி மின்ரயிலில் தினமும் போய்வருபவர்களுக்கு இது எளிதில் வரும் என்பது என் துணைக் கருதுகோள். தண்டவாளங்களை வெல்டிங் வைத்து இணைத்துவிட்டதால் இப்போது பாயிண்ட் மாறும் இடங்களில்தான் சான்று கேட்கிறது. பூந்தமல்லி பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெட்ரோ தூண் வேலை நடந்த ஆண்டுகளில் அங்கே யார் வாசித்ததும் யாருக்கும் கேட்கவில்லை.

எஞ்சியது சமூகவியல் பகுதி. ஹெட்ஃபோன் மாட்டிப் பழகினால் வெளியே கேட்பது தந்தியில் பிளெக்ட்ரம் படும் டிக் டிக் மட்டுமே. நம்மூர் டைப்ரைட்டிங் தேர்வில் ஆங்கிலம் ஹையருக்கு நிமிடத்துக்கு 45 சொல். ஐந்து தட்டு ஒரு சொல் என்ற கணக்கில் ஹெட்ஃபீல்டின் வலது கை 84 சொல்லைத் தாண்டுகிறது. கள ஆய்வின்போது மாடிப்படியில் நின்று கேட்ட கீழ்வீட்டு அம்மா மனநிறைவோடு சொன்னார்: "ஸ்பீடு நல்லா வந்துடுச்சு தம்பி. அப்படியே ஷார்ட்ஹேண்டும் சேர்ந்துடு, டிஎன்பிஎஸ்சிக்கு ஆவும்."