மரை காணச் செல்வோர் மூட்டை: ஓர் ஆய்வு

மூட்டை கட்டுவதற்கென்று தமிழில் சாத்திரம் இல்லை. யானைக் குட்டியைப் போல மரையின் குட்டியையும் கன்று எனலாம் என்று மரபியலில் இடம் கொடுத்த தொல்காப்பியர், அந்த மரையைப் பார்க்கப் போகிறவன் எத்தனை ரொட்டி கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லாமலே போய்விட்டார். உரையாசிரியர்களும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் மூன்றாம் காம்பராவில், இவ்வாய்வு நிகழ்த்தப்பட்டது.

முதலில் பெயர்த் தெளிவு. நாம் மரை என்பதைத் தமிழ்நாட்டார் கடமான் என்பர்; சிங்களத்தில் கோனா. வெள்ளைக்காரத் துரைமார் ‘எல்க்’ என்றார்கள். எல்க் என்பது குளிர்நாட்டில் திரியும் வேறொரு பிராணி. ஆனாலும் அம்பேவெலைப் பக்கம் எல்க் பிளேன்ஸ் என்ற பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. துரை வாய் தவறினால் ஊருக்குப் பெயர். நாம் வாய் தவறினால் அன்றைய கூலியில் பேர் வெட்டு.

வேட்டை மூட்டை பற்றி நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர். 1848 வாக்கில் நுவரெலியாவில் பண்ணை போட்டு, 1855இல் நாட்டை விட்டுப் போனவர். ஹோர்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான் விழுகிறது. மலைநாட்டு மரையை அவர் துப்பாக்கியால் சுடுவதில்லை. நாய்களை ஏவி, ஓடைக்குள் மடக்கி, கத்தியால் முடிப்பார். கத்தி ஓர் அடி நீளம், 2 அங்குல அகலம். நம் கவ்வாத்துக் கத்தியோடு ஒப்பிட்டால் நீளம் பெரிய விஷயமல்ல. கவ்வாத்துக் கத்திக்கு வேலை நாள் முழுக்க.

ஆக வேட்டைக்கு வேண்டியது ஒரு கத்தி. அப்படியானால் மூட்டை எதற்கு? காட்டுப் பயணத்துக்குத் தாம் கொண்டுபோனவற்றை அவரே எழுதிவைத்திருக்கிறார்: கூடாரம், ஷெரி, பிராந்தி, பன்றித்தொடை, ஊறுகாய், எண்ணெயில் போட்ட சார்டின், மக்ரோனி, சவர்க்காரமும் மெழுகுவர்த்தியும் இரட்டைப் பங்கு. இந்தப் பட்டியலில் என்னை இரண்டு நாள் தூங்கவிடாத பொருள் ஒன்றுண்டு. மான் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் பழ ஜெலி. மான் இன்னும் காட்டில் மேய்கிறது. அதற்கான தொடுகறி ஏற்கெனவே போத்தலில் ஏறிவிட்டது. இந்த மனநிலைக்கு ‘முன்தொடுகறிக் கோட்பாடு’ என்று பெயரிடுகிறேன். மறுப்போர் எழுதலாம்.

இவ்வளவையும் தூக்கியது யார் என்று கேட்பது மூட்டையியலின் அடிப்படைக் கேள்வி. கூலிகளின் தலை. பேக்கரின் நூல்களில் கில்பக், ஸ்மட், பிரான் என்று நாய்களுக்குப் பெயரும் வீரமும் உண்டு. சுமந்தவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரின் சொந்த மூட்டைக்குப் பட்டியலே கிடையாது. அதை எழுத ஆளும் இல்லை, அவ்வளவு சாமானும் இல்லை.

பிறகு காலம் மாறியது. ஹோர்டன் சமவெளி 1969இல் பாதுகாப்புக்குள் வந்து, 1988இல் தேசியப் பூங்காவானது. அங்கே வேட்டை குற்றம். குற்றமான பிறகு வேட்டை மூட்டை சுருங்கிக்கொண்டே வந்து, இன்று காற்சட்டைப் பைக்குள் அடங்குகிறது: ஒரு சுருள் கம்பி. தேயிலை மலைக்கும் காட்டுக்கும் நடுவே அதைச் சுருக்காகக் கட்டிவிட்டு ஆள் வீட்டில் தூங்கலாம். கட்டுகிறவன் நினைப்பது பன்றியை. 2020 மே மாதம் லக்சபான தோட்டத்தில் அப்படியொரு கம்பியில் சிக்கியது கருஞ்சிறுத்தை. சில நாளில் செத்தும் போனது. இந்த மூட்டையைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை, அடுத்ததற்குப் போகிறேன்.

கள ஆய்வு. ஜனவரியில் வேன் பிடித்து நாங்கள் பதினொரு பேர் பட்டிப்பொல வழியாக ஹோர்டன் சமவெளிக்குப் போக முடிவாயிற்று. மூட்டையைக் கட்டியவர் அம்மாயி. தேங்காய் ரொட்டி நாற்பது, மாசிச் சம்பல், அவித்த முட்டை, சாயத்தண்ணி பிளாஸ்க் இரண்டு, அட்டைக்கு உப்பும் சவர்க்காரத் துண்டும், மேலே அந்தக் காலத்துக் கறுப்புக் கம்பளி. “அம்மாயி, ஜாக்கெட் இருக்கே, கம்பளி எதுக்கு?” என்றேன். “ஜாக்கெட்டை விரிச்சு ஒக்கார முடியுமாடா?” என்றார். ஆய்வாளனிடம் பதில் இல்லை.

கணக்குப்பிள்ளை ஐயாவின் தயவில் மூட்டையைக் கொழுந்துத் தராசில் தொங்கவிட்டோம். 14 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் வழமைப்படி கழித்து 11 என்று எழுதினார். ரொட்டியில் ஏது ஈரம் என்று கேட்டதற்கு, பழக்கம் என்றார்.

பூங்கா வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது, மரை விழுங்கிவிடும். பிஸ்கட் உறை, சொப்பிங் பை எல்லாம் போயிற்று, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்தார்கள். அம்மாயியின் ரொட்டி மட்டும் வாழையிலையில் இருந்தபடியால் தலைநிமிர்ந்து உள்ளே போனது. சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டை அரசாங்கம் 2017 செப்டெம்பரில் தடைசெய்தது. அம்மாயி அந்த ஷீட்டை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதே இல்லை.

உலக முடிவு என்ற மலைவிளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம். 800 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. 9 கிலோமீற்றர் சுற்றி நடந்தும் ஒரு மரையில்லை. களைத்துத் திரும்பினால், வேன் நிறுத்திய இடத்தில், டிரைவர் பக்கத்துக் கதவருகே நிற்கிறது: கொம்பு கிளைத்த கிடா, ஈர மூக்கு, கழுத்தெல்லாம் சடைமயிர். ஓடவில்லை. பார்வை எங்கள் மூட்டையின் மேல். பேக்கர் அத்தனை நாயோடு துரத்திய வம்சம், ரொட்டிக்காக வரிசையில் நிற்கிறது. கொடுக்கக்கூடாது என்று பலகை இருந்தது, கொடுக்கவில்லை. அம்மாயிக்குத்தான் மனசு கேட்கவில்லை. “வீட்டு வாசல்ல வந்து நிக்கிதே, தம்பி” என்றார். யார் வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

மாலையில் மூட்டையை மறுபடி தராசில் மாட்டினோம். ரொட்டி முப்பத்திரண்டு தீர்ந்திருந்தும், மழையில் நனைந்த கம்பளியால் எடை 15 கிலோ. ஈரத்துக்குக் கழித்து, 11 என்று எழுதினார் கணக்குப்பிள்ளை.