மவுஸ் தொடாத வேலை

கேள்வி: பார்வையற்ற என் தம்பி, வீட்டிலிருந்தே இணையதளங்களைச் சோதிக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். கண் தெரியாமல் குறை கண்டுபிடிக்க முடியுமா? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கண் உள்ளவர்கள் பார்த்தும் பார்க்காமல் விட்ட குறைகளைத்தான் அவர் பிடிக்கப் போகிறார்! திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான், பெயர் வைக்காத பொத்தான்களை “பட்டன், பட்டன், பட்டன்” என்றே வாசிக்கும். எதை அழுத்தினால் பணம் போகும், எதை அழுத்தினால் ரத்தாகும்? திரையைப் பார்ப்பவருக்கு அந்தக் குழப்பமே வராது. தானியங்கிச் சோதனைக் கருவிகளும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று சொல்லும். அந்த விளக்கம் சரியா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். 2006-ல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவரே. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் டபிள்யூசிஏஜி 2.2 விதிகளைத் தம்பி கரைத்துக் குடிக்கட்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது போன்றவற்றைக் கருவியே எண்ணாகச் சொல்லிவிடும்.

வீட்டிலிருந்தே செய்யும் வேலையில் பேருந்து அலைச்சல் இல்லை. பழகிய கணினி, பழகிய குரல் வேகம். ஆனால் சேரும் முன் ஒன்றைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்: பிழைகளைப் பதிவு செய்யும் மென்பொருளும், வருகைப் பதிவும் திரைவாசிப்பானோடு ஒத்துப்போகுமா? அடுத்தவர் தளத்தைச் சரிசெய்யும் நிறுவனத்தில் அவர் உள்நுழையவே தடுமாறுவது அநியாயம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. தைரியமாகவே கேட்கட்டும்.